பதினோராவது கிலோமீட்டர்

விற்றவன் பெயர் ரோசமேல் பார்ரியா.
"முப்பத்து மூன்று வருஷம் சிலோயே மழையைக் குடித்த வண்டி,
இதற்கு மேல் இதை என்ன செய்துவிடும்"
என்று சாவியை உள்ளங்கையில் வைத்தான்.
யமஹா. இரண்டு ஸ்ட்ரோக், நூற்றெழுபத்தைந்து சிசி.
இருக்கை கிழிந்த இடத்தில்
மீன்பெட்டி ஒட்டும் டேப்.

அச்சாவோ மருத்துவ நிலையத்திலிருந்து
இன்சுலின் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவேன்.
பத்து கிலோமீட்டர் சரளைக்கல் ரோடு,
ஒரு குறை சொல்ல முடியாது.
பதினோராவதில்
பாதிப் பேச்சில் சொல்லவந்ததை மறந்தவனைப்போல
இரண்டு இருமல், ஒரு இழுப்பு.
பிறகு மழைச் சத்தம் மட்டும்.

முதலில் பிளக்கைக் கழற்றினேன்.
காய்ந்து வெளுத்திருந்தது. புதிது போட்டேன்.
பதினோராவதில் நின்றது.
கார்புரேட்டரைப் பிரித்து
ஜெட்டை ஊதி, ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்.
துளைக்கு அந்தப் பக்கம்
கடுகளவு கடல் தெரிந்தது.
நின்றது.
"சூடானால் காயில் செத்துப்போகும்" என்றான்
படகு எஞ்சின் பார்க்கும் உலீசஸ்.
சாந்தியாகோவிலிருந்து காயில் வந்தது,
அரை மாதச் சம்பளம்.
நின்றது,
அதே வேலிக்கம்பத்துக்கு இரண்டடி முன்னால்.
அங்கே மேயும் செம்மறிகள்
இப்போதெல்லாம் தலை தூக்குவதுகூட இல்லை.

ஆனால் கொஞ்சம் பொறுத்தால் கிளம்பிவிடும்.
இறங்குவேன்.
டேங்க் மூடியைத் திறந்து
பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன்.
இருக்கும். என்றைக்கும் இருக்கும்.
மூடிவிட்டு, சிலிண்டர் ஆறட்டும் என்று
ஒரு சிகரெட்டை மழைக்கு மறைத்துப் பிடிப்பேன்.
உதைத்தால் பிடித்துக்கொள்ளும்.
சூடுதான் காரணம் என்று
மருந்துக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
அடிக்கோடிட்டு எழுதினேன்.
நோயாளிகளிடம் நான் ஓயாமல் சொல்வது:
ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்,
இல்லாவிட்டால் எது கேட்டது என்றே தெரியாது.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. காதுவலி.
ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு
மூடியைத் திருகினேன்.

உஸ்ஸ்.

சின்னச் சத்தம்,
சுடுகஞ்சி வாயில் பட்டவர்
பல்லிடுக்கில் காற்றை இழுப்பதுபோல.
உள்ளே போகும் காற்று.
இத்தனை நாள் ஹெல்மெட்டுக்கு வெளியே நின்ற சத்தம்.

மூடியைத் தலைகீழாகப் பிடித்தேன்.
டேங்க் மூச்சுவிட வைத்த ஊசித்துளை.
அதில் மெழுகு.
சாதாரண வெள்ளை மெழுகுவர்த்தி மெழுகு,
மேலே யாரோ ஒருவரின் கட்டைவிரல் ரேகை.
மழை இறங்கிவிடக் கூடாதென்று ரோசமேலோ,
அவனுக்கு விற்றவனோ
எவ்வளவு பொறுப்பாக அடைத்திருக்கிறார்கள்.
காற்று வராத டேங்க்
பத்து கிலோமீட்டர் தாக்குப்பிடித்துக் கொடுக்கும்.
பிறகு கொடுக்காது.

ஆக, நம்பாமல் ஒவ்வொரு முறையும் திறந்து பார்த்தேனே,
அதுதான் வைத்தியம்.
மருந்தை என் கையாலேயே கொடுத்துவிட்டு
சிகரெட்டுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெட்டியிலிருந்து ஒரு ஊசி எடுத்தேன்.
கணக்கில் "வீணானது: ஒன்று" என்று எழுத வேண்டும்.
மெழுகு சுருண்டு வந்தது,
காதழுக்கைப்போல.

ஆறவிடாமல் உதைத்தேன்.
வேலிக்கம்பம் வந்தது, போனது.
இன்றைக்குத்தான் செம்மறிகள் தலை தூக்கின.
பன்னிரண்டு. பதின்மூன்று.
கைப்பிடியை இறுக்கியிருந்த விரல்களுக்கு
இன்னும் செய்தி போய்ச்சேரவில்லை.

பதினான்கில் எதூலியா கதவைத் திறந்தாள்,
கையில் பாதி தோலுரித்த உருளைக்கிழங்கு.
"என்ன, இவ்வளவு சீக்கிரம்?
உன் வண்டி நிற்கிற நேரத்தைக் கணக்கு வைத்துத்தானே
நான் அடுப்பில் பானை ஏற்றுவேன்.
இப்போது ஊசி போட்டால் எதைச் சாப்பிடுவது?"

உட்கார்ந்தேன். ஒரு கத்தி கொடுத்தாள்.
மூன்றாவது கிழங்கை உரிக்கும்போது
கூரையில் மழை வலுத்தது.
எழுந்துபோய்
டேங்க் மூடிமேல் என் கையுறையைக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.